குறைந்தது இரண்டரை லிட்டர்

"எங்க வீட்ல யாரோ என் சம்சாரத்துக்கு எதையோ கலந்து குடுக்கறாங்க மேடம். யாருன்னு நீங்கதான் கண்டுபிடிச்சுச் சொல்லணும்."

காலை ஒன்பது மணிக்கு மருத்துவமனையின் கீழ்த்தளத்துக்கு வந்து ஒருவர் இப்படிச் சொன்னால், வேறு யாராக இருந்தாலும் காவலாளியைக் கூப்பிட்டிருப்பார்கள். மருந்தாளர் நாற்காலியைக் காட்டினார். புற்றுநோய் மருந்துகளைக் கலந்து மேலே வார்டுக்கு அனுப்பும் அறை அவருடையது. ஐம்பது வயது, ஒல்லியான உருவம், கையில் எப்போதும் ஒரு பென்சில். ஊழியர்கள் அவருக்கு வைத்திருக்கும் பெயர் அரை மில்லி. ஊசிக்குழலில் அரை மில்லி கூடியிருந்தாலும் திருப்பி அனுப்பிவிடுவார் என்பதால் வந்த பெயர். கேலியாகத்தான் வைத்தார்கள். ஆனால் தங்கள் வீட்டில் ஒருவருக்கு நோய் என்று வந்தபோது, மருந்தை 'அரை மில்லி'யே தன் கையால் கலக்க வேண்டும் என்று வந்து நின்றவர்களும் அவர்களேதான்.

மருந்தோடு அவரிடம் புதிர்களும் வரும். காணாமல் போன குப்பி, எண்ணிக்கை இடிக்கும் மாத்திரை, ஒரே கட்டிலில் படுப்பவர்களுக்கு மட்டும் வரும் அரிப்பு. எல்லாவற்றையும் அந்த மேஜையில் உட்கார்ந்தபடியே தீர்த்து வைத்திருக்கிறார். தீர்த்த கையோடு மறந்தும் விடுவார். மறக்காமல் ஏழு மாடிக்கும் போய்ச் சொல்லிவிட்டு வருபவர் ஆம்புலன்ஸ் டிரைவர். ஆள் வருவதற்கு முன்னால் அவருடைய சத்தம் வந்து சேரும். அதனால் அவருக்குப் பெயர் சைரன். அன்றைக்கும் சைரன் அங்கேதான் இருந்தார், டீயை ஆற்றிக்கொண்டு.

வந்தவர் அறுபதை நெருங்கியவர். லாரிகளை எடை போடும் எடைமேடையில் முப்பது வருஷ வேலை. மடியில் ஒரு துணிப்பையை இறுக்கிப் பிடித்திருந்தார்.

"சம்சாரம் பஸ் டெப்போவுல டைம்கீப்பரா இருந்தா. கழுத்துல கட்டி வந்துச்சு. நிணநீர்க் கட்டிப் புற்றுநோய்ன்னாங்க. மூணு வாரத்துக்கு ஒரு தடவை இங்க வந்து மருந்து ஏத்திக்கறோம்."

சைரன் டீ கிளாஸைக் கீழே வைத்தார். "டெப்போ டைம்கீப்பர் அம்மாவா? ஆம்புலன்ஸுக்கு வர்றதுக்கு முன்னாடி நான் அவங்ககிட்டதான் ஒன்பது வருஷம் பஸ் ஓட்டினேன். நாப்பத்திரண்டு வண்டி மேடம், எண்பத்தாறு டிரைவர். யாருக்கு எந்த வண்டி, யாருக்கு என்னிக்கு லீவு, யார் வீட்டுல பிரசவம், எல்லாம் தலைக்குள்ளயே வச்சிருப்பாங்க. ஒரு காகிதம் கையில எடுத்துப் பார்த்ததில்லை."

"அந்தத் தலைதான் இப்ப இல்லை" என்றார் எடைமேடைக்காரர். "இன்னிக்குக் காலையில என்னைப் பார்த்து, 'அஞ்சு நாப்பது வண்டியைச் சுருட்டு எடுக்கட்டும்'ன்னா."

சைரனின் முகம் விழுந்துவிட்டது. சுருட்டு என்பது ஒரு டிரைவரின் பட்டப்பெயர். அவர் இறந்து ஏழு வருஷம் ஆகிறது.

எடைமேடைக்காரர் கோர்வையாகச் சொன்னார். மனிதர் உள்ளுக்குள் ஆடிப்போயிருந்தாலும் தேதி தவறவில்லை. மூன்றாவது முறை மருந்து ஏற்றியது திங்கட்கிழமை. புதன்கிழமை தலைவலியும் வாந்தியும். வியாழனான இன்று பேச்சு குழறுகிறது. முதல் இரண்டு முறையும் இப்படி ஆகவில்லை.

"முதல் தடவை மூணு நாளும் அவ தங்கச்சிதான் கூட இருந்தா. மருமக வேலை விஷயமா பயிற்சிக்குப் போயிருந்தா. ஒண்ணும் ஆகலை. ரெண்டாவது தடவை தங்கச்சிக்குக் காய்ச்சல், நோயாளி கிட்ட வரக்கூடாதுன்னுட்டாங்க. மருமக லீவு போட்டுப் பார்த்துக்கிட்டா. அப்பவும் ஒண்ணும் ஆகலை. இந்தத் தடவை ரெண்டு பேருக்கும் முழு லீவு கிடைக்கலை. காலையில தங்கச்சி, ரெண்டு மணிக்கு மேல மருமக. நான் வேலை முடிஞ்சு வர ஆறாயிடும். இப்ப ரெண்டு பேரும் ஒரே வார்த்தையைச் சொல்றாங்க. நான் தனியா பார்த்துக்கிட்டப்ப நல்லாத்தானே இருந்தாங்கன்னு."

"ரெண்டுல ஒண்ணு பொய்" என்றார் சைரன், ஏதோ தானே வழக்கை முடித்துவிட்ட மாதிரி.

"ரெண்டு பேருக்கும் எட்டு மாசமாப் பேச்சுவார்த்தை கிடையாது. தங்கச்சி ஆசையா வாங்கிக் குடுத்த மர அலமாரியை மருமக பால்கனியில தள்ளிட்டா. மழையில நனைஞ்சு உப்பிப்போச்சு. அதுலேர்ந்து ஒருத்தி உள்ள வந்தா இன்னொருத்தி வெளிய போவா. இப்ப தங்கச்சி போலீஸுக்குப் போறேங்கறா. மருமக பெட்டியைக் கட்டி வச்சிருக்கா. என் பையன் கப்பல்ல வேலை, எந்தக் கடல்ல இருக்கானோ தெரியாது. யார் போனாலும் யார் இருந்தாலும் அது அப்புறம் மேடம். அவ தலை எனக்குத் திரும்பி வேணும்."

சொல்லிவிட்டுத் துணிப்பையைத் திறந்தார். உள்ளே ஒரு தூக்க மாத்திரை அட்டை. பத்தில் இரண்டு இல்லை. முதல் முறை மருந்து ஏற்றியபோது மருத்துவர் எழுதிக் கொடுத்தது, மனைவி அதைத் தொடவே இல்லை. சமையலறை அலமாரியில் கிடந்ததைத் தங்கை கண்டுபிடித்து, மருமகள்தான் கொடுத்துவிட்டாள் என்று சத்தம் போட்டிருக்கிறாள்.

அட்டைக்கு அடியில் ஒரு நோட்டு. எடைமேடையில் லாரிக்கு எழுதுவது போலவே தேதி, நேரம், எடை என்று மூன்று கோடு போட்டு, நோய் தெரிந்த நாளிலிருந்து ஒரு நாள் விடாமல் மனைவியின் எடையை எழுதியிருந்தார். எல்லா நாளும் காலை ஆறு பத்து. இரண்டே நாள்தான் எட்டு நாற்பது. மருந்தாளர் ஒவ்வொரு பக்கமாகப் புரட்டினார். இவ்வளவு ஒழுங்கான நோட்டை மருத்துவமனையிலேயே பார்த்ததில்லை என்பது அவருடைய முகத்தில் தெரிந்தது.

"முதல் தடவை மருந்துக்கு அப்புறம் எண்ணூறு கிராம் ஏறி இறங்கியிருக்கு. ரெண்டாவது தடவை தொள்ளாயிரம். இந்தத் தடவை திங்கட்கிழமை ஐம்பத்திரண்டு முந்நூறு. இன்னிக்கு ஐம்பத்தஞ்சு அறுநூறு. நல்லா சாப்பிடறாங்களா?"

"எங்க? ஒரு வேளைக்கு ரெண்டு வாய். அதனாலதான் கேக்கறேன், சாப்பிடாதவளுக்கு எடை எப்படி மேடம் ஏறும்? யாரோ எதையோ உள்ள தள்றாங்க."

"கால்ல வீக்கம்?"

"அழுத்திப் பார்த்தேன். குழி விழலை."

"எடை மெஷின் சரியா இருக்கா?"

எடைமேடைக்காரருக்குச் சுருக்கென்று தைத்துவிட்டது. "முத்திரை போட்ட இருபது கிலோக் கல்லை எடைமேடையிலேர்ந்து தூக்கிட்டு வந்து சரிபார்த்தேன். ஐம்பது கிராம் கூட வித்தியாசம் இல்லை."

"தப்பா நினைக்காதீங்க. ஒண்ணே ஒண்ணு கேக்கறேன். ஒரு மணல் லாரி. ஏத்தின மணல் மாறலை, ஆனா எடை மட்டும் ஏறியிருக்கு. நீங்க முதல்ல எதைச் சந்தேகப்படுவீங்க?"

"ஈரத்தை. தண்ணி ஊத்தி எடை ஏத்துவாங்க" என்றவர், வாயை மூட மறந்து உட்கார்ந்திருந்தார்.

மருந்தாளர் அதற்குள் போனை எடுத்து மாடியில் பெரிய டாக்டரிடம் பேசத் தொடங்கியிருந்தார். நாலே வாக்கியம். பிறகு எழுந்தார்.

"சைரன், வண்டியை எடுங்க."

"யாருன்னு தெரிஞ்சிடுச்சா மேடம்?"

"எதுன்னு தெரிஞ்சிடுச்சு. யாருங்கறதுக்கு அவசரம் இல்லை. அந்த அம்மாவுக்கு வலிப்பு வர்றதுக்குள்ள நாம போயாகணும். ஐயா, வீட்டுக்குப் போன் பண்ணிச் சொல்லுங்க, யாரும் அவங்க வாயில எதையும் ஊத்த வேண்டாம். தண்ணி கூட."

வீடு இரண்டாவது மாடியில். படி குறுகல். ஸ்ட்ரெச்சர் திரும்பாது என்று சைரன் வாசலிலேயே கண்டுபிடித்து, தூக்கு நாற்காலியை எடுத்துக்கொண்டார். தங்கையும் வேலைக்குப் போகாமல் இருந்தாள், மருமகளும் போகாமல் இருந்தாள். கூடத்தின் இந்தக் கோடியில் ஒருத்தி, அந்தக் கோடியில் ஒருத்தி. நடுவில் கட்டி வைத்த பெட்டி.

"என்ன நடந்துச்சுன்னு அவங்களையே கேளுங்க" என்றாள் தங்கை, சுவரைப் பார்த்து.

"காலையில இருந்தவங்களைக் கேக்கச் சொல்லுங்க மாமா" என்றாள் மருமகள், மாமனாரைப் பார்த்து.

மருந்தாளர் இருவரையும் கேட்காமல் உள்ளே போனார். ஜன்னலோரக் கட்டிலில் டைம்கீப்பர் அம்மா சாய்ந்திருந்தார். முடி கொட்டிய தலையில் ஒரு நீலத் துணி. கண் திறந்திருந்தது, பார்வை எங்கேயோ இருந்தது. கட்டிலின் வலப்பக்கம் ஸ்டூலில் ஒரு எவர்சில்வர் கூஜா. இடப்பக்கம் ஜன்னல் திட்டில் அளவுக்கோடு போட்ட நீல பிளாஸ்டிக் பாட்டில். இரண்டும் காலி. சைரன் கைக்குட்டையால் பிடித்து இரண்டையும் முகர்ந்து பார்த்தார். எந்த வாசனையும் வராததில் அவருக்குக் கொஞ்சம் ஏமாற்றம்.

"அம்மா, நான்தான். பதினெட்டாம் நம்பர் ஓட்டினேனே" என்று குனிந்தார்.

டைம்கீப்பர் அம்மா அவரைக் கொஞ்ச நேரம் பார்த்தார். "நீ லேட்டு" என்றார். அதற்குமேல் வார்த்தை வரவில்லை. சைரன் சட்டைக் கையால் கண்ணைத் துடைத்துக்கொண்டு நாற்காலியின் பட்டையைச் சரிசெய்வது போலக் குனிந்துகொண்டார்.

மருந்தாளர் நாடி பார்த்தார், நாக்கைப் பார்த்தார். நாக்கு ஈரமாக இருந்தது. வாசலில் நின்ற இருவரையும் பார்த்து ஒரே ஒரு கேள்வி கேட்டார். "நேத்து எத்தனை தடவை பாத்ரூம் போனாங்க?"

"காலையில ஒரு தடவைதான். அதுவும் கொஞ்சமா, டீ கலர்ல" என்றாள் தங்கை.

"சாயங்காலமும் ஒரு தடவைதான். நான்தான் கைத்தாங்கலாக் கூட்டிட்டுப் போனேன்" என்றாள் மருமகள்.

எட்டு மாதத்தில் இருவரும் ஒத்துப்போன முதல் விஷயம் அதுவாகத்தான் இருக்க வேண்டும். இருவரும் அதைக் கவனித்ததாகத் தெரியவில்லை.

வெளியே வரும்போது மருந்தாளர் சமையலறையில் நின்றார். ஃபிரிட்ஜின் கதவில் மருத்துவமனை கொடுத்த அறிவுரைத் தாள் ஒட்டியிருந்தது. தினமும் குறைந்தது இரண்டரை லிட்டர் தண்ணீர் குடிக்க வேண்டும் என்ற வரிக்குக் கீழே சிவப்புப் பேனாவால் கோடு. "இதோட காப்பி யார்கிட்டயாவது இருக்கா?" என்று கேட்டார். தங்கை போனைக் காட்டினாள். அதே தாளைப் படம் எடுத்து வைத்திருந்தாள். மருந்தாளர் தாளைப் பிய்த்து நாலாக மடித்துத் தன் பையில் வைத்துக்கொண்டார். திரும்பும் வழி முழுக்க அவர் ஒரு வார்த்தை பேசவில்லை. தாளில் கைரேகை இருக்கும்போல என்று சைரன் நினைத்துக்கொண்டார்.

ரத்தப் பரிசோதனை அரைமணியில் வந்துவிட்டது. ரத்தத்தில் உப்பு நூற்று முப்பத்தைந்துக்குக் கீழே போகக்கூடாது. டைம்கீப்பர் அம்மாவுக்கு நூற்றுப் பதினாறு. பெரிய டாக்டர் தீவிர சிகிச்சைப் பிரிவுக்கு மாற்றிவிட்டு, மருந்தாளரை ஒரு கணம் பார்த்து, "இன்னும் ஒரு பொழுது வீட்ல இருந்திருந்தா..." என்று நிறுத்திக்கொண்டார்.

"உப்புதானே கம்மி? ரெண்டு ஸ்பூன் கரைச்சுக் குடுத்தா ஆச்சு" என்றார் சைரன், நடைவழியில்.

"உப்பு கம்மியாகலை. தண்ணி அதிகமாயிடுச்சு. அதனால உப்பு நீர்த்துப்போச்சு. இனி அதை வேகமா ஏத்தினா மூளை தாங்காது. சொட்டுச் சொட்டா ஏத்தணும், மணிக்கொரு தடவை ரத்தம் எடுத்துப் பார்க்கணும். குடிக்கற தண்ணியைப் பிடிச்சு நிறுத்தணும். பொறுமையா செய்யற வேலை."

பொறுமையாகத்தான் செய்தார்கள். அந்தப் பிரிவின் நர்ஸ்கள் இரண்டு நாள் செய்த வேலையைப் பார்த்தவர்கள் அவர்களைக் கையெடுத்துக் கும்பிடத்தான் வேண்டும். எத்தனை மில்லி உள்ளே போனது, எத்தனை மில்லி வெளியே வந்தது என்று ஒரு துளி தவறாமல் எழுதினார்கள். வெள்ளிக்கிழமை மத்தியானம் டைம்கீப்பர் அம்மா கணவரை அடையாளம் கண்டு, ஏன் சவரம் செய்யவில்லை என்று கேட்டார். சனிக்கிழமை மாலை வார்டுக்கு மாற்றிவிட்டார்கள். ஞாயிறு காலை பத்து மணிக்கு எல்லோரும் அந்த அம்மாவின் அறைக்கு வர வேண்டும் என்று மருந்தாளர் சொல்லி அனுப்பினார். சைரன் அன்றைக்கு விடுமுறை என்றாலும் இஸ்திரி போட்ட சட்டையில் வந்திருந்தார்.

டைம்கீப்பர் அம்மா தலையணையில் நிமிர்ந்து உட்கார்ந்திருந்தார். கால்மாட்டில் கணவர். கதவருகே தங்கை. ஜன்னலருகே மருமகள்.

"யார் பொய் சொன்னாங்கன்னு சொல்லிடுங்க" என்றாள் தங்கை.

"யாரும் சொல்லலை" என்றார் மருந்தாளர். "நீங்க தனியா பார்த்துக்கிட்டப்ப உங்க அக்கா நல்லாத்தான் இருந்தாங்க. அவங்க மருமக தனியா பார்த்துக்கிட்டப்பவும் நல்லாத்தான் இருந்தாங்க. ரெண்டும் நிஜம். ரெண்டையும் நிஜம்னு எடுத்துக்கிட்டா மிச்சம் ஒரே கேள்விதான். ரெண்டு பேரும் சேர்ந்து இருந்தப்ப எது ரெண்டு மடங்கா ஆச்சு?"

மருந்தாளர் நோட்டைப் பிரித்தார்.

"முதல்ல தூக்க மாத்திரையை ஓரம் கட்டிடலாம். ரெண்டு மாத்திரை காணோம். ஐயாவோட நோட்டுல எல்லா நாளும் எடை போட்ட நேரம் ஆறு பத்து. ரெண்டு நாள் மட்டும் எட்டு நாற்பது. ரெண்டு நாளும் இந்தத் தடவை மருந்து ஏத்தறதுக்கு முந்தின வாரம். தினமும் கோழி கூவறதுக்கு முன்னாடி எழுந்திருக்கற மனுஷன் அந்த ரெண்டு நாள் ஏன் தூங்கிட்டார்?"

எடைமேடைக்காரர் தரையைப் பார்த்தார். "தூக்கமே வரலை மேடம். ரெண்டு நாள் போட்டேன். அவ மாத்திரையை நான் திருடித் தின்னேன்னு எப்படிச் சொல்றது? மருமக பேர்ல பழி வந்தப்பவாவது வாயைத் திறந்திருக்கணும். திறக்கலை. மன்னிச்சிடும்மா."

மருமகள் அவர் பக்கத்தில் வந்தாள். மாமனாரின் முதுகில் கையை வைத்தாள்.

"அடுத்தது எடை" என்று தொடர்ந்தார் மருந்தாளர். "சாப்பாடு இல்லாம மூணு நாள்ல மூணு கிலோ ஏறணும்னா அது தண்ணியாத்தான் இருக்கணும். இவங்களுக்கு ஏத்தற மருந்துல சைக்ளோபாஸ்பமைடுன்னு ஒண்ணு இருக்கு. அது சிறுநீர்ப்பையைப் புண்ணாக்கும். அதனால நிறையத் தண்ணி குடிச்சு அதை அலசி வெளிய தள்ளச் சொல்வோம். ஆனா அதே மருந்துக்கும் கூடப் போற இன்னொரு மருந்துக்கும் வேற ஒரு குணம் இருக்கு. சில பேருக்குக் கொஞ்ச நாள், தண்ணியை விடாதே, பிடிச்சு வைன்னு சிறுநீரகத்துக்கு உத்தரவு போட்டுடும். குழாயைத் திறந்து வச்சுட்டு வடிகாலை அடைச்ச கதை. முதல் ரெண்டு தடவையும் அது நடந்திருக்கு. எண்ணூறு கிராம், தொள்ளாயிரம் கிராம்னு ஐயா எழுதி வச்சிருக்கார். உடம்பு சமாளிச்சிடுச்சு, யாருக்கும் தெரியலை. தேங்கின தண்ணி கால்ல மட்டும் நின்னா வீக்கம் தெரியும். இது அப்படி நிக்காது, உடம்புல இருக்கற ஒவ்வொரு செல்லுக்குள்ளயும் போகும். மூளைக்குள்ளயும்."

"அதனாலதான் நாக்குல ஈரம், ஆனா பாத்ரூம் போகலை" என்றார் சைரன். மருந்தாளர் அவரைப் பார்த்துத் தலையசைத்தார். சைரன் அதற்கப்புறம் ஒரு வாரம் அந்தத் தலையசைப்பை எல்லோரிடமும் சொல்லிக்கொண்டிருந்தார்.

"கட்டிலுக்கு வலப்பக்கம் கூஜா, இடப்பக்கம் பாட்டில். கூஜா யாருது?"

"நான் கொண்டு வந்தது" என்றாள் தங்கை. "ரெண்டரை லிட்டர் பிடிக்கும். ரெண்டு மணிக்குள்ள முழுசையும் குடிக்க வச்சிடுவேன்."

"ஏன் ரெண்டு மணிக்குள்ள?"

தங்கை தயங்கினாள். "அதுக்கப்புறம் வர்றவங்க ஒரு டம்ளராவது குடுப்பாங்கன்னு எனக்கு நம்பிக்கை இல்லை."

மருமகளின் முகம் வெளிறிவிட்டது. "நான் ரெண்டு மணிக்கு வந்து பாட்டில்ல அளந்து ரெண்டரை லிட்டர் குடுத்தேன். தூங்கறதுக்குள்ள. காலையில யாரும் குடுத்திருக்க மாட்டாங்கன்னு நினைச்சு."

"அஞ்சு லிட்டர்" என்றார் எடைமேடைக்காரர் மெல்ல. முப்பது வருஷம் கூட்டல் போட்டவருக்கு அந்தக் கூட்டல் எட்டவில்லையே என்பது அவருடைய குரலில் இருந்தது.

"அஞ்சு லிட்டர். மூணு நாள். ரெண்டு பேரும் குடுத்தது சுத்தமான தண்ணி, சுத்தமான அக்கறை. ஒருத்தர் மேல ஒருத்தருக்கு இருந்த அவநம்பிக்கைதான் அளவை ரெண்டாக்கிடுச்சு."

தங்கை சுவரில் சாய்ந்துகொண்டாள். "அக்கா, உனக்குத் தெரியும்ல? நான் குடுத்ததும் தெரியும், அவ குடுத்ததும் தெரியும். நீ ஏன் சொல்லலை?"

இதுவரை பேசாமல் இருந்த டைம்கீப்பர் அம்மா இரண்டு பேரையும் மாறி மாறிப் பார்த்தார். "எப்படிச் சொல்றது? சின்னத்தை குடுத்துட்டாடின்னு இவகிட்ட சொன்னா, உங்களுக்கு அவங்க குடுத்தாத்தான் இறங்குமான்னு கேப்பா. அவ குடுப்பா, நீ விடுன்னு உன்கிட்ட சொன்னா, நீ அலமாரியில ஆரம்பிப்பே. எண்பத்தாறு டிரைவரை மேய்ச்சிருக்கேன், உங்க ரெண்டு பேரை முடியலை. பேசறதைவிடக் குடிச்சுடறது சுலபமா இருந்துச்சு."

அறையில் யாருக்கும் சிரிப்பு வரவில்லை. மருந்தாளர் மட்டும் அந்த அம்மாவையே பார்த்துக்கொண்டிருந்தார். வயிறு முட்ட முட்ட, குமட்டக் குமட்ட, வீட்டில் சண்டை வரக்கூடாது என்பதற்காக ஒருவர் பதினைந்து லிட்டர் தண்ணீரைக் குடித்திருக்கிறார். அந்தப் பிடிவாதத்தைப் பாராட்டுவதா திட்டுவதா என்று அவருக்கே தெரியவில்லை.

"அப்ப குத்தவாளி நாங்க ரெண்டு பேருந்தான்" என்றாள் மருமகள்.

"இல்லை. இன்னும் ஒருத்தர் இருக்காங்க. அவங்க இல்லாம இது நடந்திருக்காது." மருந்தாளர் பையிலிருந்து நாலாக மடித்த தாளை எடுத்துப் பிரித்தார். "குறைந்தது இரண்டரை லிட்டர். குறைந்ததுன்னு போட்டிருக்கு, அதிகபட்சம்னு ஒண்ணு போடலை. எல்லாரும் சேர்ந்து குடுக்கற மொத்தம்னு போடலை. சிறுநீர் குறைஞ்சாலோ எடை ஏறினாலோ உடனே போன் பண்ணுங்கன்னு போடலை. படிக்கறவங்க எவ்வளவு அக்கறையானவங்களோ அவ்வளவு ஆபத்து இந்தத் தாள்ல இருக்கு. ஆறு வருஷமா எல்லாருக்கும் இதைத்தான் குடுக்கறோம். எழுதினது நான்தான்."

அரை மில்லிக்காக ஊசிக்குழலைத் திருப்பி அனுப்புகிறவர், தன்னுடைய தவறை யாரும் கேட்காதபோதே நாலு பேர் முன்னால் மேஜைமேல் எடுத்து வைத்துவிட்டார். கண்டுபிடித்ததைவிட இதுதான் பெரிது என்று சைரனுக்குத் தோன்றியது. அதை எப்படிச் சொல்வது என்றுதான் தெரியவில்லை.

"ஞாயித்துக்கிழமையிலயும் உங்களை வரச்சொன்னது அதுக்குத்தான். மன்னிப்பு கேக்கணும்" என்றார் மருந்தாளர்.

டைம்கீப்பர் அம்மா கையை நீட்டினார். "அந்தப் பென்சிலைக் குடுங்க." தாளைத் தொடைமேல் வைத்துக்கொண்டு, குறைந்தது என்ற சொல்லைக் கோடிட்டு அடித்தார். "டெப்போவுல நான் ஒரு நாளும் குறைந்தது ஆறு டிரிப்னு எழுதினதில்லை. அப்படி எழுதினா நல்ல டிரைவர்தான் ஒன்பது டிரிப் ஓட்டி வண்டியிலயே மயங்கி விழுவான். எங்க ஆரம்பம், எங்க முடிவு, யார் கையிலேர்ந்து யார் கைக்கு. இந்த மூணும் இருக்கணும்." எழுத்து இன்னும் கொஞ்சம் நடுங்கியது. ஆனாலும் கட்டம் நேராக இருந்தது. மருந்தாளர் பக்கத்தில் குனிந்து, அவர் கேட்கக் கேட்க அளவுகளைச் சொன்னார்.

எடைமேடைக்காரர் தொண்டையைச் செருமினார். "இதெல்லாம் எதுக்கு? போதும். இனி அந்த மருந்தே வேண்டாம். நாங்க வீட்டுக்குப் போறோம்."

"பெரிய டாக்டர் அளவை மாத்தறேன்னு சொல்லியிருக்கார். தண்ணியையும் கட்டுப்படுத்தி, ரெண்டாம் நாளே ரத்தம் பார்த்துடலாம்" என்றார் மருந்தாளர். "ஆனா முடிவு உங்களோடது."

"முடிவு என்னோடது" என்றார் டைம்கீப்பர் அம்மா, கணவரைப் பார்த்து. "வண்டி நடுவழியில நின்னா வண்டியைப் பார்ப்பாங்களா, ரூட்டையே மூடுவாங்களா? கட்டி பாதியாக் குறைஞ்சிருக்கு. எனக்கு இன்னும் மூணு டிரிப் பாக்கி. நீங்க எழுதற நோட்டை நிறுத்தாம எழுதுங்க, அது போதும். அதுதான் என்னைக் காப்பாத்துச்சு."

எடைமேடைக்காரர் கைக்குட்டையை எடுத்தார்.

கதவு திறந்தது. நர்ஸ் ஒரு சின்ன கோப்பையில் தண்ணீரோடு வந்தார். ஒரு நாளைக்கு எண்ணூறு மில்லிதான் அனுமதி. கோப்பையை வாங்கத் தங்கையும் மருமகளும் ஒரே நேரத்தில் கையை நீட்டினார்கள். நீட்டிய கைகள் இரண்டும் பாதியில் நின்றன. மருமகள்தான் முதலில் பின்வாங்கினாள். தங்கை கோப்பையை வாங்கிக்கொண்டாள். ஆனால் அக்காவிடம் நீட்டவில்லை. திரும்பி, எட்டு மாதத்தில் முதல் முறையாக மருமகளின் முகத்தைப் பார்த்தாள்.

"காலையிலேர்ந்து எவ்வளவு குடுத்திருக்கே?"

"நூத்தைம்பது, சின்னத்தை."

"இது நூறு."

"இருநூத்தைம்பது" என்று மருமகள் கூட்டிச் சொன்னாள். அதற்கப்புறம்தான் தங்கை கோப்பையை அக்காவின் உதட்டருகே கொண்டுபோனாள்.